ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட் பிரதிகள் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் புழங்கிய கீபோர்டு கருவிகளை இன்று மறுபடி கட்ட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. ஓரளவு தச்சு வேலை தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஜாக் என்ற மெல்லிய மரத்துண்டு மேலெழும். அதில் செருகிய பிளெக்ட்ரம் கம்பியை மீட்டும். கிளாவிகார்டில் மீட்டல் கிடையாது. கட்டையின் பின்முனையில் நட்ட பித்தளைத் தகடு கம்பியை முட்டி, விரல் எடுக்கும் வரை அங்கேயே நிற்கும். அந்தத் தகட்டுக்குப் பெயர் டேஞ்சன்ட்.

எதைப் ‘பிரதி’ என்று ஏற்றுக்கொள்ளலாம்?

வெளித்தோற்றம் ஒத்திருப்பது மட்டும் போதாது. கம்பியின் உலோகம், நீளம், இழுவிசை, ஒலிப்பலகையின் தடிமன், பெட்டி எவ்வளவு இலேசு என்பவை மூலக்கருவியோடு ஒத்துப்போக வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவுக்காக பாரிஸின் பிளெயேல் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட பெரிய ஹார்ப்சிகார்டில் பியானோவைப்போல கனத்த கட்டமைப்பு, காலால் மிதிக்கும் பெடல்கள், பழைய கருவிகளில் அரிதான 16 அடி வரிசை எல்லாம் இருந்தன. (8 அடி வரிசை என்பது எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும் கம்பித் தொகுதி; 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.) கருவி கனத்தது, ஒலியோ மெலிந்தது. தடித்த பெட்டியும் கனத்த ஒலிப்பலகையும் கம்பியின் சிறு சக்தியை விழுங்கிவிடும். கருவி கட்டுநர் ஆர்னால்ட் டால்மெட்ச் 1890-களிலேயே பழைய கருவிகளைப் பார்த்துக் கட்டத் தொடங்கியிருந்தார். 1949-இல் பாஸ்டனில் ஃபிராங்க் ஹப்பர்டும் வில்லியம் டவுடும் பட்டறை திறந்தார்கள். ஜெர்மனியில் மார்ட்டின் ஸ்கோவ்ரோனெக் வேலை செய்தார். பழைய கைவினைஞர் செய்ததை மாற்றாமல் செய்து பார்ப்பது என்ற வழி அவர்களால்தான் நிலைபெற்றது.

புதிதாகக் கட்டுபவர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ‘இது பலவீனமாகத் தெரிகிறதே’ என்று எந்த இடத்தையும் தடிமனாக்காதீர்கள். பழைய கருவியில் மெலிந்து இருப்பது காரணத்தோடுதான் மெலிந்திருக்கிறது.

முதல் கருவியாக எதைக் கட்டலாம்?

கிளாவிகார்ட். அதிலும் ஒரே ஜோடிக் கம்பியை இரண்டு கட்டைகள் பகிர்ந்துகொள்ளும் ‘ஃபிரெட்டட்’ வகை. 45 கட்டைகள், மேசைமேல் வைத்துவிடக்கூடிய செவ்வகப் பெட்டி, ஜாக் வேலை அறவே இல்லை. ஒலிப்பலகை, குதிரை (கம்பிகள் அமரும் மரப்பட்டை), கட்டைப்பலகை, கம்பி பூட்டுதல் எல்லாமே இதில் கைக்குப் பழகிவிடும்.

நேரே ஹார்ப்சிகார்டுக்குத்தான் போவேன் என்றால், ஆன்ட்வெர்ப் நகரின் ருக்கர்ஸ் குடும்பத்தார் கட்டிய ஒற்றைக் கட்டைப்பலகை மாதிரி நல்லது. 45 கட்டைகள், ஒரு 8 அடி வரிசை, ஒரு 4 அடி வரிசை, ஆக 90 ஜாக்குகள். பிரெஞ்சு இரட்டைக் கட்டைப்பலகையில் 61 கட்டைகள், மூன்று வரிசைகள், 183 ஜாக்குகள். ஒரு ஜாக்கில் நாக்கு, அச்சு, ஸ்பிரிங், பிளெக்ட்ரம், ஒலியை அடக்கும் டேம்பர் என ஐந்து இடங்களில் தவறு நடக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எந்த மூலக்கருவியைப் பின்பற்றுவது?

காலப்போக்கில் மாற்றப்படாத கருவியை, அல்லது மாற்றங்கள் தெளிவாக ஆராயப்பட்ட கருவியை. ருக்கர்ஸ் கருவிகள் 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் பெரும் மதிப்புப் பெற்றதால், பாரிஸ் பட்டறைகள் அவற்றைப் பிரித்து அகலப்படுத்தி, கட்டைகளைக் கூட்டி, குதிரைகளை நகர்த்தின. இதற்கு ராவல்மான் என்று பெயர். அப்படிப்பட்ட கருவியை அளந்து ‘ருக்கர்ஸ் பிரதி’ என்று கட்டினால், உண்மையில் ஒரு பாரிஸ் கருவியைத்தான் கட்டியிருப்பீர்கள். தவறு ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். ருக்கர்ஸின் இரட்டைக் கட்டைப்பலகைக் கருவிகள் பலவற்றில் இரண்டு பலகைகளும் நான்கு சுர இடைவெளி தள்ளி இருந்தன. அந்த அமைப்பு பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டது.

இத்தாலியக் கருவிகளில் வேறொரு ஆபத்து. ஃபிளாரன்ஸின் பழம்பொருள் வணிகர் லியோபோல்டோ ஃபிரான்சியோலினி பழைய கருவிகளைத் துண்டுபோட்டு ஒட்டி, கட்டைப்பலகைகளைக் கூட்டி, பொய்க் கையெழுத்தும் ஆண்டும் எழுதி விற்றார். 1910-இல் தண்டனையும் பெற்றார். அவர் கைபட்ட கருவிகள் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. இத்தாலியக் கருவியைத் தேர்ந்தால் அதன் கைமாறிய வரலாற்றை முதலில் பாருங்கள்.

அதிகம் பிரதியெடுக்கப்பட்ட பிரெஞ்சுக் கருவி, எடின்பரோவின் செயின்ட் சிசிலியா மண்டபத்தில் உள்ள பாஸ்கால் டாஸ்கின் 1769-இல் கட்டியது. அளவுகள் நன்கு ஆவணப்படுத்தப்பட்டவை. எடின்பரோ தொகுப்பு, நியூரம்பெர்க்கின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம் போன்றவை தொழில்நுட்ப வரைபடங்களை வெளியிட்டிருக்கின்றன. புகைப்படத்தைப் பெரிதாக்கி அளவெடுத்துக் கட்ட வேண்டாம். கேமரா கோணத்தால் வரும் சில மில்லிமீட்டர் பிழை குதிரையில் விழுந்தால் கம்பி நீளம் முழுவதும் தவறிவிடும்.

அருங்காட்சியக வரைபடத்தை அப்படியே நம்பலாமா?

வரைபடம் காட்டுவது கருவியின் இன்றைய நிலையை. கட்டிய அன்று அது வேறாக இருந்தது. மரம் இழையின் குறுக்கே சுருங்கும், இழையின் நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் 300 ஆண்டுக்குப் பின்னும் பெட்டியின் நீளம் அப்படியே இருக்கும். ஒலிப்பலகையின் அகலமும் கட்டைப்பலகையின் அகலமும் குறைந்திருக்கும். கம்பி இழுத்து இழுத்துப் பெட்டி முறுக்கிக்கொண்டிருக்கும். வளைபக்கம் (பெட்டியின் வளைந்த பக்கப்பலகை) உள்ளே சாய்ந்திருக்கும். அந்த முறுக்கலையும் சேர்த்துப் பிரதியெடுப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

மூலக்கைவினைஞர் பயன்படுத்திய அளவுகோலைக் கண்டுபிடித்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆன்ட்வெர்ப் அங்குலமான டுயிம் ஏறத்தாழ 25.8 மி.மீ. வரைபட அளவுகளை அதால் வகுத்துப் பாருங்கள். முழு எண்ணோ அரையோ காலோ வந்தால் அதுவே அவர் நினைத்த அளவு; 0.3, 0.7 என்று வருவது பெரும்பாலும் சுருக்கம், முறுக்கல் அல்லது பின்னாளில் செய்த மாற்றம்.

என் கருவியை 440 ஹெர்ட்ஸுக்குக் கூட்டலாமா? கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது.

கட்டும் முன்பே கணக்குப் போட வேண்டிய கேள்வி இது. கம்பியின் தகைவு, அதாவது குறுக்குவெட்டுப் பரப்பின் ஒரு அலகுக்கு விழும் இழுவிசை, அதன் தடிமனைப் பொறுத்ததல்ல. நீளம், அதிர்வெண், உலோகத்தின் அடர்த்தி ஆகிய மூன்றையும் மட்டும் பொறுத்தது:

தகைவு = 4 × நீளத்தின் வர்க்கம் × அதிர்வெண்ணின் வர்க்கம் × அடர்த்தி

ருக்கர்ஸ் அளவுகளில், நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யின் கம்பி சுமார் 355 மி.மீ. ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்தால் (ஏ = 415) அந்த சி 493.5 ஹெர்ட்ஸ். இரும்பின் அடர்த்தி 7,850 கிலோ/கன மீட்டர். கணக்குப் போட்டால் தகைவு சுமார் 964 மெகாபாஸ்கல். பழைய முறையில் இழுத்த இரும்புக் கம்பி 1,100-ஐ ஒட்டி அறுந்துவிடும். அதே கருவியை ஏ = 440-க்கு ஏற்றினால் சி 523.25 ஹெர்ட்ஸ், தகைவு 1,083. அதாவது அறுபடும் எல்லை. அரைச்சுரம் ஏற்றியதற்கு 12 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, ஏனென்றால் அதிர்வெண் வர்க்கமாக வருகிறது.

தடித்த கம்பி போட்டால் அறுபடாது என்பது பரவலான தவறான எண்ணம். தடிமன் கூடினால் இழுவிசையும் தடிமனின் வர்க்க விகிதத்தில், அதாவது குறுக்குவெட்டுப் பரப்பின் விகிதத்தில் கூடும். தகைவு மாறாது, பெட்டிமேல் சுமை மட்டும் ஏறும். தீர்வு இரண்டுதான்: சுருதியைக் குறைப்பது, அல்லது கட்டும்போதே கம்பி நீளத்தைக் குறைத்து வரைவது.

பித்தளைக்கு இன்னும் குறைந்த நீளம் வேண்டும். அதே சி-க்கு 270 மி.மீ., அடர்த்தி 8,500 என்று போட்டால் ஏ = 415-இல் சுமார் 604 மெகாபாஸ்கல் வரும்; பித்தளைக்கு அது ஏற்ற அளவு. இத்தாலியக் கருவிகளில் குட்டை நீளங்கள் காணப்படுவதன் காரணம் இதுவே. அந்த நீளத்துக்கு இரும்பு போட்டால் கம்பி தளர்ந்து, ஒலி மங்கும். அறுபடும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் கம்பிதான் தெளிவாகப் பாடும்.

பியானோ எஃகுக் கம்பி போட்டால் அறுபடவே படாதே?

அறுபடாது, உண்மை. அதன் தாங்குதிறன் இருமடங்கு. அதனாலேயே இங்கே அது தன் எல்லையின் பாதியில் சோம்பிக் கிடக்கும். இசைவற்ற மேல்சுரங்கள் துருத்திக்கொண்டு ஒலி கம்பியொலியாகவே நின்றுவிடும். வரலாற்றுக் கருவிகளுக்கென்றே இழுக்கப்படும் மென்இரும்பு, மஞ்சள் பித்தளை, செப்பு மிகுந்த சிவப்புப் பித்தளைக் கம்பிகள் கிடைக்கின்றன. ருக்கர்ஸ் மாதிரிக்கு மேல்சுரங்களில் 0.20–0.22 மி.மீ. இரும்பில் தொடங்கி, கீழே போகப்போகத் தடிமன் கூட்டி, அடிச்சுரங்களில் அரை மி.மீ.க்கு மேற்பட்ட பித்தளையில் முடிப்பது வழக்கம். மேலே சொன்ன 964 மெகாபாஸ்கலில் 0.22 மி.மீ. கம்பி இழுப்பது சுமார் 3.7 கிலோ. கம்பிக்குச் சராசரி 5 கிலோ என்றே வைத்தாலும் 61 கட்டைகள், இரண்டு வரிசை என்றால் 610 கிலோ. அந்தச் சுமைக்கு ஒரு மரப்பெட்டி தாராளமாகப் போதும்.

என்னென்ன மரம் வாங்க வேண்டும்?

ஃபிளெமிஷ் கருவிக்குப் பெட்டி பாப்லர், சுமார் 14 மி.மீ. இத்தாலியக் கருவியின் உள்பெட்டி சைப்ரஸ், 4–5 மி.மீ. மட்டுமே. சுருதி ஆணிகள் நிற்கும் பலகை ஓக், 40–50 மி.மீ.; ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததாக இருக்க வேண்டும். குதிரைகளுக்கு பீச், செர்ரி அல்லது வால்நட். கட்டைகளுக்கு லைம். ஜாக்குக்கு பியர், அதன் நாக்குக்கு ஹாலி.

இவற்றில் பெட்டி மரத்தை மாற்றினால் பெரிய நஷ்டம் இல்லை. இலேசாக, நேர் இழையோடு, நன்றாக உலர்ந்திருந்தால் போதும். ஒலிப்பலகை ஸ்ப்ரூஸில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். ஆல்ப்ஸ் மலையில் மெதுவாக வளர்ந்த மரம், வளைய இடைவெளி ஒன்று ஒன்றரை மி.மீ., முடிச்சோ பிசின் பையோ இல்லாதது. இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கு இதற்குப் பெயர்போனது. பிளைவுட் ஒலிப்பலகை விரியாது, வெடிக்காது, பாடவும் பாடாது.

வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) அவசியமா? வெள்ளைப் பசை போதாதா?

பெட்டியின் அடிப்பலகைக்கும் உள்சட்டத்துக்கும் வெள்ளைப் பசை போதும். ஒலிப்பலகை, குதிரை, அடிப்பட்டைகள், கட்டைமேல் ஒட்டும் எலும்புத் தகடு ஆகியவற்றுக்கு வச்சிரம்தான். காரணங்கள் இரண்டு. வெள்ளைப் பசை நிலையான இழுவிசைக்கு மெல்ல மெல்ல வழுக்கும்; வச்சிரம் கண்ணாடிபோல் இறுகி நிற்கும். அடுத்து, நாளை பலகை வெடித்தால் சூடும் ஈரமும் கொடுத்து வச்சிர ஒட்டைப் பிரித்துவிடலாம்.

எடையில் ஒரு பங்கு வச்சிரக் குருணைக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு குளிர்ந்த நீர். சில மணி நேரம் ஊறி உப்பிய பின் நீர்ச்சட்டியில் வைத்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். தூரிகையைத் தூக்கினால் அறுபடாத மெல்லிய இழையாக வடிய வேண்டும். ஒட்டும் மரத்தையும் முன்பே சூடாக்கிக்கொள்ளுங்கள். பூசியபின் கிடைப்பது ஒரு நிமிடம்போலத்தான். கவ்விகளை எல்லாம் வைத்து ஒருமுறை வெறும் ஒத்திகை பார்த்துவிட்டே பசையைத் தொடுங்கள்.

பெட்டியை எந்த வரிசையில் சேர்ப்பது?

மரபைப் பொறுத்தது. இத்தாலிய முறையில் அடிப்பலகையே தொடக்கம்: அதன்மேல் முட்டுகளையும் ஒலிப்பலகை தாங்கும் பட்டியையும் நிறுத்தி, மெல்லிய பக்கப்பலகைகளைச் சுற்றிலும் ஒட்டுவார்கள். ஃபிளெமிஷ் முறையில் பக்கங்கள் முதலில் சேர்ந்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஏறி, ஒலிப்பலகை ஒட்டப்பட்டு, அடிப்பலகை கடைசியில் மூடும். அடி திறந்திருப்பதால் ஒலிப்பலகையைக் கீழிருந்தும் பார்த்துச் சரிசெய்யலாம்.

வளைபக்கம் பலரையும் பயமுறுத்தும். 14 மி.மீ. பாப்லரை நீராவிப் பெட்டியில் சுமார் 35–40 நிமிடம் வேகவைத்து அச்சில் இறுக்கலாம். விடுவித்ததும் கொஞ்சம் நிமிரும் என்பதால் அச்சைத் தேவைக்கு மேல் வளைத்தே செய்யுங்கள். வளைந்த பலகையைப் பெட்டியில் பலவந்தமாக இழுத்து ஒட்டக் கூடாது. அந்த விசை பெட்டிக்குள்ளேயே தங்கிப் பின்னால் மூட்டுகளைத் திறக்கும்.

ஒலிப்பலகையை எப்படிச் செய்வது?

10–15 செ.மீ. அகல ஸ்ப்ரூஸ் பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கீற்று ஒளிகூடத் தெரியக்கூடாது. பிறகு இழைப்புளியால் 3.5 மி.மீ. வரை மெலிக்கவும். அடுத்ததுதான் முக்கியம்: தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கக்கூடாது. 8 அடிக் குதிரையின் நடுப்பகுதியில் 3.5 மி.மீ.யை விட்டுவைத்து, மேல்சுர மூலையிலும் வால் பக்கத்திலும் ஓரங்களை நோக்கி 2–2.5 மி.மீ.க்குக் கொண்டுவருவது ஃபிளெமிஷ் பாணி. பலகையை இரு விரலால் பிடித்துத் தட்டினால், மெலிய மெலிய ‘டக்’ என்ற ஒலி நீண்ட ‘டும்’ ஆவதைக் காதே சொல்லும்.

அடியில் ஒட்டும் பட்டைகளில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ருக்கர்ஸ் முறையில் ஒரு நீளமான வெட்டுப்பட்டை பலகையை இரண்டாகப் பிரிக்கிறது. சிறு குறுக்குப் பட்டைகள் அதற்கு முன்னே, ரோஜா வடிவ உலோகப் பதக்கம் இருக்கும் முக்கோணத்தில் மட்டும் இருக்கும். 4 அடிக் கம்பிகளின் முனை ஆணிகளுக்கு ஒரு தனிப் பட்டை. 8 அடிக் குதிரைக்கு நேர் கீழே குறுக்காக எதுவும் ஓடாது. அங்கே பட்டை வைத்தால் பலகை வளையாமல் நிற்கும். கூடவே அடிச்சுரம் வற்றிப்போகும்.

ஒட்டும் நாளின் ஈரப்பதம் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பலகையை உலர்ந்த நிலையில், அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, பல நாள் வைத்திருந்து ஒட்டுங்கள். பின்னால் ஈரம் ஏறினால் பலகை மேல்நோக்கி இலேசாக உப்பும், அது ஆபத்தில்லை. 70 சதவீதத்தில் ஒட்டிவிட்டு, பிறகு கருவியைக் குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோனால் நீளத்துக்கு வெடிக்கும். 80 செ.மீ. அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகையில் மரத்தின் ஈரம் 3 சதவீதம் மாறினால் அகலம் 3 முதல் 4 மி.மீ. மாறும். நான்கு பக்கமும் ஒட்டப்பட்ட பலகைக்கு அந்த 4 மி.மீ. எங்கிருந்து வரும்?

குதிரையை அழுத்திப் பிடிக்கக் கவ்வி எட்டாது. மேலே ஒரு தட்டுப் போட்டு, தட்டுக்கும் குதிரைக்கும் நடுவே சற்று நீளமான மூங்கில் குச்சிகளை வளைத்து நிறுத்தினால் ஒவ்வொன்றும் ஒரே சீராக அழுத்தும்.

ஓவியம் போடுவதானால் குதிரைகள் ஒட்டியபின், கம்பி பூட்டும் முன். வேலம்பிசின் நீரில் கரைத்த வண்ணங்கள். பூக்கள், பறவைகள், பூச்சிகள், நீலக் கொடிக்கரை என்பது ஆன்ட்வெர்ப் வழக்கம். ஒலிப்பலகைமேல் தடித்த வார்னிஷ் வேண்டாம்.

கட்டைப்பலகையின் அளவு ஏன் பியானோவோடு ஒத்துப்போவதில்லை?

ஒத்துப்போகக் கூடாது. இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயி 164–165 மி.மீ. ருக்கர்ஸில் மூன்று ஸ்தாயி ஏறத்தாழ 500 மி.மீ., 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கருவிகளில் 475–480. பியானோ அளவில் கட்டைகளைச் செய்தால் பின்முனைகள் கம்பிகளுக்கு நேராக வராமல் விசிறியாக வளைக்க நேரிடும்.

45 கட்டை ருக்கர்ஸில் கீழ் ஸ்தாயி ‘குறுகிய ஸ்தாயி’: கண்ணுக்கு இ-யில் தொடங்குவதுபோல் தெரியும் கட்டை சி-யைத் தரும், எஃப் ஷார்ப் கட்டை டி-யையும், ஜி ஷார்ப் கட்டை இ-யையும் தரும். வெள்ளைக்கட்டைகள் 27, மேற்கட்டைகள் 18. 23.8 மி.மீ. வீதம் 27-க்கு மொத்த அகலம் 643 மி.மீ.

கட்டைகளைத் தனித்தனியாக அறுத்துச் சேர்க்காதீர்கள். லைம் பலகைகளை ஒட்டி ஒரே தகடாக்கி, அதன்மேல் எல்லாக் கட்டைகளையும் கோடிழுத்து, தகட்டையும் கீழ்ச்சட்டத்தையும் சேர்த்துப் பிடித்துச் சமநிலை ஆணித் துளைகளை ஒரே குத்தில் துளைத்து, மேல் தகடுகளை ஒட்டியபின் கடைசியில் அறுக்க வேண்டும். அறுத்தபின் துளை போட முயன்றால் வரிசை ஒருபோதும் நேராகாது. துளை அடியில் ஆணியை இலேசாகப் பிடிக்க வேண்டும், மேலே நீள்வாட்டில் அகன்றிருக்க வேண்டும். கட்டையை ஒரு முனையில் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும்.

யானைத் தந்தம்? கூடாது. ஆப்பிரிக்க யானை 1989-இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு மாறியது. அதற்காக வருந்தவும் வேண்டாம்: ஃபிளெமிஷ் கருவிகளின் வெள்ளைக்கட்டையே எலும்புதான். வெளுத்த மாட்டெலும்பை ஒட்டும்போது வச்சிரத்தில் சுண்ணத்தூள் கலந்தால் மரத்தின் நிறம் ஊடாகத் தெரியாது. பிரெஞ்சுப் பாணியில் அதே கட்டைகளுக்குக் கருங்காலி.

ஒரு கட்டை ஒருமுறை மீட்டுகிறது, மறுமுறை மீட்டுவதில்லை. என்ன கோளாறு?

ஜாக் கீழே திரும்பாமல் பிளெக்ட்ரம் கம்பிமேல் தொங்குகிறது. புதிதாகக் கட்டியவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவே முதலிடம். வரிசையாகப் பாருங்கள்.

ஜாக்கை வெளியே எடுத்து மறுபடி அதன் துளையில் போடுங்கள். தானாக வழுக்கி விழவில்லை என்றால் பிளெக்ட்ரத்தைத் தொடவே வேண்டாம், ஜாக் வீங்கியிருக்கிறது. 3.5–4 மி.மீ. தடிமனுள்ள ஜாக்குக்கு எல்லாப் பக்கமும் சேர்ந்து 0.1–0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் பல ஜாக்குகள் ஒரே நேரத்தில் சிக்கினால் இதுதான் காரணம். அவசரப்பட்டுச் சீவினால் வெயில் காலத்தில் ஆடும்.

ஜாக் நன்றாக விழுந்தால் நாக்கைப் பாருங்கள். அச்சு ஊசியில் நாக்கு தடையின்றி ஆட வேண்டும். பன்றிமயிர் ஸ்பிரிங் அதை முன்னால் கொண்டுவர மட்டும் போதுமான அளவு அழுத்த வேண்டும். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் திரும்பும்போது நாக்கு பின்வாங்காமல் கம்பியில் உட்கார்ந்துவிடும். தளர்ந்திருந்தால் நாக்கு பின்னாலேயே நின்று, அடுத்த முறை மீட்டாமல் போகும். மயிரை விரல்நகத்தால் நீவி வளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

இரண்டும் சரி என்றால் பிளெக்ட்ரம். அது கம்பியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது மேல்சுரத்தில் அரை மி.மீ.க்கும் குறைவாக, அடிச்சுரத்தில் சற்றே அதிகமாக இருக்கட்டும். நுனியின் அடிப்பக்கம் சாய்வாக வெட்டியிருந்தால் இறங்கும்போது கம்பியில் வழுக்கிப் பின்வாங்கும். கட்டை ஓய்விலிருக்கும்போது பிளெக்ட்ரம் கம்பிக்கு அரை முதல் ஒரு மி.மீ. கீழே நிற்க வேண்டும்.

ஒலியளவைச் சீராக்கும்போது நீளத்தைக் குறைத்து மென்மையாக்க முயலாதீர்கள். அடிப்பக்கத்தை நுனி நோக்கி மெலியச் சீவினால் மென்மையாகும். குட்டையாக்கினால் கடினமாகும், ஒலி திடீரென வெட்டும். மேல்முகத்தைச் சீவவே கூடாது. கடின மரத்தின் வெட்டுமுகக் கட்டைமேல் வைத்து, சவரக்கத்தி போன்ற கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஒரே கட்டையில் இரண்டு வரிசைகள் சேர்ந்து மீட்டும்போது ஒன்று முந்தி ஒன்று பிந்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் மீட்டினால் விரலுக்குக் கட்டை இரட்டிப்பாய்க் கனக்கும்.

பிளெக்ட்ரத்துக்குப் பறவை இறகா, டெல்ரினா (ஒரு கடின பிளாஸ்டிக்)?

அக்காலத்தில் காக்கை இன இறகின் தண்டு. அதன் மீட்டலில் உள்ள மென்மை டெல்ரினுக்கு முழுதாக வராது. ஆனால் இறகு தேயும், எண்ணெய் தடவ வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும். முதல் கருவிக்கு 0.5 மி.மீ. டெல்ரின் பட்டையே போடுங்கள். கை பழகியபின் ஒரு வரிசையை மட்டும் இறகாக்கிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் திரும்பிப் போக விரும்புவதில்லை.

கிளாவிகார்டில் டேஞ்சன்ட் எந்த இடத்தில் வர வேண்டும்?

ஃபிரெட்டட் வகையில் சி-யும் சி ஷார்ப்பும் ஒரே ஜோடிக் கம்பியை முட்டுகின்றன. டேஞ்சன்டிலிருந்து குதிரை வரையிலான நீளமே சுரம். அதனால் இரண்டு டேஞ்சன்டுகளின் இடைவெளி சுருதிமுறையை மரத்திலேயே பூட்டிவிடுகிறது. சி-க்கு 300 மி.மீ. என்று கொள்வோம். சம அரைச்சுர முறையில் சி ஷார்ப் 283.2 மி.மீ., இடைவெளி 16.8. மூன்றாம் சுரங்களைத் தூய்மையாக வைக்கும் பழைய சுருதிமுறையான கால்-காமா மீன்டோனில் அந்த அரைச்சுரம் 76 சென்ட் மட்டுமே (சம அரைச்சுரம் 100 சென்ட்). சி ஷார்ப் 287.1 மி.மீ., இடைவெளி 12.9. வித்தியாசம் ஏறக்குறைய 4 மி.மீ. பழைய கருவியின் அளவுகளைப் ‘பிழை’ என்று எண்ணிச் சம அரைச்சுரத்துக்குத் திருத்துபவர்கள், அந்தக் காலத்து இசைக்கான தூய மூன்றாம் சுரங்களை இழக்கிறார்கள்.

டேஞ்சன்ட்டை முதலில் இலேசாக மட்டும் அடித்து நிறுத்துங்கள். கம்பிகள் சுருதிக்கு வந்தபின் சிறு இடுக்கியால் ஒரு பக்கம் வளைத்து நேராக்கலாம். சில மி.மீ. வரை வளைக்க முடியும் என்று நம்பிக் கட்டையைத் தவறாக வெட்டிவிடாதீர்கள். சாய்ந்த டேஞ்சன்ட் ஜோடியின் ஒரு கம்பியை முந்தி முட்டி, கரகரக்கும். இடப்பக்கம் கம்பிகளுக்கிடையே பின்னும் கம்பளித் துணி தளர்ந்திருந்தாலும் அதே கரகரப்பு வரும். முதலில் துணியைச் சரிபாருங்கள்.

415-க்கும் 440-க்கும் மாறும் வசதி வைக்கலாமா?

வைக்கலாம். கட்டைப்பலகை முழுவதும் ஒரு அரைச்சுரம் பக்கவாட்டில் நகரும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பியும் ஜாக்கும் கூடுதலாக வேண்டும். கம்பிகளின் இழுவிசை மாறாது என்பதால் அறுபடும் பிரச்சினை இல்லை. ஆனால் நகர்த்தியதும் சுருதிமுறையும் ஒரு அரைச்சுரம் நகர்ந்துவிடும். எஃப் முதல் பி வரையிலான ஆறு ஐந்தாம் சுர இடைவெளிகளைக் காமா என்ற சிறு சுருதி வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு குறைத்து, மீதி ஆறைத் தூய்மையாக விடும் வல்லோட்டி முறையில் கூட்டியிருந்தால், நகர்த்தியபின் சில சுரங்களைத் திருத்தத்தான் வேண்டும்.

கடலோர ஊரில் வைத்திருக்க முடியுமா?

முடியும். ஈரம் அதிகமாக இருப்பதைவிட ஏறி இறங்குவதே கெடுதல். பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கும் அறை, எப்போதும் 65 சதவீதத்தில் இருக்கும் அறையைவிட மோசம். ஒரு ஈரமானி வாங்கி மாட்டுங்கள். இரும்புக் கம்பிகளை வெறும் விரலால் தொடாதீர்கள். உப்புக்காற்றில் விரல்ரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

இதே அனுபவத்தில் பழைய பியானோ ஒன்றைக் கட்டலாமா?

பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரியின் மூன்று பியானோக்கள் எஞ்சியுள்ளன: 1720 நியூயார்க்கில், 1722 ரோமில், 1726 லைப்சிக்கில். பெட்டியும் ஒலிப்பலகையும் ஹார்ப்சிகார்ட் கட்டியவருக்குப் பழகிய வேலைதான். சுத்தியல் பொறிமுறை அப்படியல்ல. முழுக் கருவியைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கட்டைக்கான பொறிமுறையைத் தனிச் சட்டத்தில் செய்து, மெதுவாகவும் வேகமாகவும் அடித்துப் பாருங்கள்.

கம்பி பூட்டியபின் சுருதி நிற்க எவ்வளவு காலமாகும்?

ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாதீர்கள். முதல் சுற்றில் நான்கு சுரம் தாழ்த்தி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றினால் ஒலிப்பலகை சாயும். ஓரிரு நாள் விட்டு அடுத்த சுற்று. ஆணியில் கம்பி மூன்று சுற்றுக்குக் குறையாமல், கடைசிச் சுற்று பலகைக்கு அருகே வரும்படி இறங்கட்டும். பித்தளைக் கம்பியின் முனைக்கண்ணை முறுக்கும்போது இரு இழைகளும் ஒன்றையொன்று சமமாகச் சுற்ற வேண்டும். ஒன்று நேராக நின்று மற்றது அதைச் சுற்றினால் மெல்ல வழுக்கி, அந்தச் சுரம் மட்டும் தினமும் இறங்கும். முதல் சில வாரங்கள் தினமும் கூட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட கம்பி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், முதலில் அந்தக் கண்ணைப் பாருங்கள்.